இரண்டு தொகுப்பாசிரியர்கள்: சதீஷ் தவானுக்குச் செய்யப்பட்ட மரியாதை

பணி நிறைவு பெறும் ஒரு பேராசிரியருக்கான பாராட்டு மடலை எழுதும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்தது. அவர் ஆய்வாளர், கடைசிப் பல ஆண்டுகள் தம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிர்வாகத்தையும் கவனித்தவர். அலுவலகத்திலிருந்து வந்த குறிப்பில் அவர் வகித்த பதவிகள் தேதி வாரியாக இருந்தன. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை இருந்தது. கொண்டுவந்த திட்ட நிதியின் மொத்தத் தொகை இருந்தது. அதையே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். விழாவில் வாசித்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஆய்வு மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். "எனக்கு உதவித்தொகை பல மாதம் வராமல் நின்றபோது இவர்தான் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். அதைச் சொல்வீர்கள் என்று நினைத்தேன், ஐயா" என்றார். சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை, தெரிந்துகொள்ள யாரையும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆய்வாளராகவும், பிறர் ஆய்வு நடப்பதற்கு வழி செய்தவராகவும் இருந்த ஒருவரை வழியனுப்பும்போது எதைப் பாராட்டுகிறோம்? ஆய்வுக்குக் கட்டுரைகள் சாட்சி. நிர்வாகத்துக்கு எது சாட்சி? நின்றுபோன வேலை எல்லோர் கண்ணிலும் படும். தடையின்றி நடந்த வேலை யார் கண்ணிலும் படாது. நல்ல நிர்வாகி வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறவர். எனவே அவருடைய உழைப்பை அவருடைய வெற்றியே மறைத்துவிடுகிறது.

இதற்கு விடை தேடி, பொதுவெளியில் நன்கு பதிவான ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். அவருக்கு யார், எப்போது, எந்த வடிவில் மரியாதை செய்தார்கள் என்று பார்த்தேன். அவர் இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான். நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கிடைத்த பத்ம விபூஷண் பெரிது. ஏவுதளத்துக்கு அவர் பெயர் வைத்தது அதைவிடப் பெரிது. ஆனாலும் அவரை முழுதாகப் புரிந்துகொண்டு செய்த மரியாதை 1988ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு என்றே நினைக்கிறேன். அதைத் தொகுத்த இருவர் யார் என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது.

மனிதர்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியில் தவானின் பெயர் ஒலிக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால், சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தத் தீவைப் பற்றி நம் ஊர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் தவான் என்ன ஆய்வு செய்தார் என்று கேட்டால் விண்வெளித் துறையைப் பின்தொடர்கிறவர்களே தயங்குகிறார்கள். நானும் தயங்கியவன்தான்.

1920 செப்டம்பர் 25 அன்று ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. அதன்பின் இயந்திரப் பொறியியல். இந்த மூன்றையும் ஒருவரே படித்தார் என்பதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் அடுத்துக் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கிலும் வானூர்தியியல் பயின்றார். கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனிடம் ஆய்வு செய்து 1951ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1955ல் வானூர்திப் பொறியியல் துறைத் தலைவர். 1962ல் கழகத்தின் இயக்குநர். அப்போது வயது 42ஐ ஒட்டி. 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இடையில் 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவர். அதாவது ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இரண்டு நாற்காலிகளிலும் ஒருவரே அமர்ந்திருந்தார்.

ஆய்வாளர்

பறக்கும் பொருளை ஒட்டி ஓடும் காற்று அதன் மேற்பரப்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறது. இதுதான் மேற்பரப்பு உராய்வு. விமானம் எவ்வளவு எரிபொருள் குடிக்கும், ராக்கெட் எவ்வளவு சூடாகும் என்பதெல்லாம் இதோடு தொடர்புடையவை. ஆனால் அந்த விசை மிகச் சிறியது, அளப்பது கடினம். பரப்புக்கு மேலே காற்றின் வேகம் எப்படி மாறுகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்கிட்டு உராய்வு இவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது.

தவான் கால்டெக்கில் வேறு வழியில் போனார். சுவரின் ஒரு சிறு துண்டை மட்டும் பிரித்து, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, அது தனியே அசையும்படி பொருத்தினார். காற்று அதன்மீது ஓடும்போது அது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் உராய்வு விசை நேரடியாகக் கிடைத்துவிடும். சொல்வதற்கு எளிது. இடைவெளி சற்று அகலமானாலும், துண்டு சுவரின் மட்டத்திலிருந்து அணுவளவு எழும்பினாலும், ஓட்டமே கெட்டு அளவீடு பொய்யாகிவிடும். ஒலியைவிட மெதுவான ஓட்டத்திலும் ஒலியை மிஞ்சிய ஓட்டத்திலும் அவர் இதை அளந்து காட்டினார். நாசாவுக்கு முன்னோடியான அமெரிக்க வானூர்தி ஆலோசனைக் குழு இதை 1953ல் அறிக்கையாக வெளியிட்டது.

பெங்களூருக்கு வந்த பிறகு ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும், நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். காற்று சீராக ஓடும் நிலையிலிருந்து கொந்தளிப்பு நிலைக்கு எப்படி மாறுகிறது என்ற ஆய்வு அங்கே நடந்தது. ஒரு கோடு கிழித்தாற்போல அது மாறுவதில்லை. அங்கங்கே கொந்தளிப்புத் திட்டுகள் முளைத்து, காற்றோடு நகர்ந்தபடியே பெருகி, கடைசியில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஓரிடத்தில் எவ்வளவு நேரம் சீரோட்டம், எவ்வளவு நேரம் கொந்தளிப்பு என்ற விகிதம் தெரிந்தால் மாற்றம் நடக்கும் பகுதி முழுவதையும் விளக்கலாம். இந்த விகிதம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது பற்றிய குறிப்பு 1957ல் ரொத்தம் நரசிம்மாவின் பெயரில் மட்டும் வெளிவந்தது. அப்போது அவர் தவானின் மாணவர். இருபதுகளில் இருந்த இளைஞர். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை, காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலின் முன்னணி ஆய்விதழில் வந்தது. இன்றும் அந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது.

மாணவரின் முதல் கண்டுபிடிப்பு மாணவரின் பெயரிலேயே தனியாக வெளிவரலாம் என்ற சூழல் அந்த ஆய்வகத்தில் இருந்தது. ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. மடல் எழுத உட்காருகிறவர் தேட வேண்டிய முதல் சாட்சி இதுதான் என்பேன்: அவரிடமிருந்து வெளிவந்த எத்தனை கட்டுரைகளில் அவர் பெயர் இல்லை?

நிர்வாகி

இந்திய அறிவியல் கழகம் 1909ல் தொடங்கியது. அதன் முதல் இந்திய இயக்குநர் சி. வி. ராமன், 1933ல் பொறுப்பேற்று, கருத்து மோதல்களுக்கிடையே 1937ல் அதிலிருந்து விலகினார், பேராசிரியராக 1948 வரை அங்கேயே இருந்தார். நோபல் பரிசு பெற்ற மேதைக்கும் அந்த நாற்காலி எளிதாக அமையவில்லை. ஆய்வில் உயரம் தொட்டவர் நிர்வாகத்திலும் தானாகவே உயர்ந்துவிடுவார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு கைத்திறன்கள்.

தவானின் நிர்வாகத் திறனை விளங்கிக்கொள்ள நம் சென்னையிலிருந்தே தொடங்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவர் காலத்தில், 1952ல், முப்பது வயது நிறையும் முன்பே ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியல் துறைப் பேராசிரியராக வந்தார். எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பொருள்களின் உள்ளமைப்பை அறியும் ஊடுகதிர்ப் படிகவியல் ஆய்வகம் எழுந்தது. 1954ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார்கள். 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து ராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம், புரத அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. கிண்டியில் அமர்ந்து செய்த வேலை.

முதலியார் 1969ல் பொறுப்பிலிருந்து விலகினார். சிறிது காலத்தில் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அவரைப் பெங்களூருக்கு அழைத்தவர் தவான். மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கு அங்கே ஒரு தனிப் பிரிவே உருவானது. எனக்கு இந்த இடத்தைக் கடந்து போவது எப்போதும் கடினமாக இருக்கிறது. இழந்தது நம் நகரம். துணைவேந்தராகவோ இயக்குநராகவோ ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? தக்கவர் வந்தார், தங்கினார், வேலை செய்தார். ஆண்டறிக்கையில் முதலியார் பெயரிலோ தவான் பெயரிலோ கொலாஜன் பற்றி ஒரு வரியும் இராது.

ராமச்சந்திரன் மட்டும் அல்ல. இயற்பியலாளர் ஜார்ஜ் சுதர்சனை முன்னிறுத்திக் கோட்பாட்டு ஆய்வு மையம் 1972ல் தொடங்கியது. வேதியியலாளர் சி. என். ஆர். ராவ் வந்தார், திடநிலை வேதியியலுக்கு ஒரு பிரிவு பிறந்தது. மின்வேதியியல் அறிஞரான ஏ. கே. என். ரெட்டி கிராமங்களுக்கான அடுப்பு, சாண எரிவாயு, மண் கட்டடம் பற்றி ஆராய ஒரு திட்டத்தை 1974ல் தொடங்கினார். உயர் அறிவியல் நிறுவனத்தில் அடுப்பு ஆராய்ச்சியா என்று கேட்டவர்கள் அன்று இருந்திருப்பார்கள். அதற்கும் இடம் கிடைத்தது. வானூர்திப் பொறியாளரான இயக்குநர் ஒருவர் தம் துறையை மட்டும் வளர்த்துக்கொள்ளாமல், தமக்குத் தொடர்பே இல்லாத புரதத்துக்கும் அடுப்புக்கும் கதவு திறந்தார். இலக்கியமும் கணிதமும் பொறியியலும் படித்த இளமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

1972: முன்வைத்த நிபந்தனைகள்

இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கி நடத்திவந்த விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் காலமானார். தவான் அப்போது விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். விண்வெளித் திட்டத்தை ஏற்கும்படி பிரதமர் இந்திரா காந்தி கேட்டுக்கொண்டார். தவான் நிபந்தனைகள் வைத்தார்: இந்திய அறிவியல் கழக இயக்குநராகவும் தொடர்வேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும், அமெரிக்காவில் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டுத்தான் வருவேன். அவர் வரும்வரை இயற்பியலாளர் எம். ஜி. கே. மேனன் பொறுப்பைக் கவனித்தார்.

பெரும் பதவி தேடி வரும்போது இப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். என் பார்வையில் அந்த நிபந்தனைகளில் தன்னலம் இல்லை. ஒரு வடிவமைப்பு இருந்தது. தலைமையகம் தில்லியில் அமைந்திருந்தால் அமைச்சகத்தின் தாழ்வாரம் பக்கத்தில் இருந்திருக்கும். பெங்களூரில் அமைந்ததால் ஆய்வகம் பக்கத்தில் இருந்தது. விண்வெளித் துறைக்கு ஒரு சிக்கல் வந்தால் பல்கலைக்கழகப் பேராசிரியரைக் கேட்பதும், பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கு விண்வெளித் துறை நிதி தருவதும் அங்கே பழக்கமாயின. திருவனந்தபுரத்தில் இருந்த பல அலகுகள் ஒன்றாகி விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஆனபோது அதன் முதல் இயக்குநராக உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷை அமர்த்தினார். அவரும் முன்பு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியவர். திட்டங்களை வெளியிலிருந்து வந்த வல்லுநர்களும் சேர்ந்து மறுஆய்வு செய்யும் முறை வேரூன்றியது.

பலன்களை நாடு அறியும். 1975 ஏப்ரல் 19ல் ஆரியபட்டா செயற்கைக்கோள், அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு, ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி, 1981ல் ஆப்பிள், 1983ல் இன்சாட் 1பி ஆகிய செயற்கைக்கோள்கள். இவற்றை விரிவாக எழுத வேறு பலர் இருக்கிறார்கள். இந்த ஆய்வுக்கு வேண்டியது இரண்டே இரண்டு நாட்கள்.

இரண்டு நாட்கள்

1979 ஆகஸ்ட் 10. செயற்கைக்கோளை ஏவ இந்தியா உருவாக்கிய முதல் ராக்கெட் எஸ்எல்வி-3, 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள். திட்ட இயக்குநர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம். முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்து நிருபர்கள் காத்திருந்த அறைக்குப் போக வேண்டும். கலாம் இதைப் பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்: தவான் அவரை அழைத்துக்கொண்டு போனார், தாமே பேசினார், தோல்வியின் பொறுப்பைத் தாம் ஏற்றார், தம் அணியின்மீது நம்பிக்கை இருப்பதாகவும் ஓராண்டுக்குள் வெற்றி பெறுவோம் என்றும் சொன்னார்.

1980 ஜூலை 18. அதே ஏவுதளம், அதே வகை ராக்கெட். 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. இம்முறை நிருபர்களைச் சந்திக்கும்படி தவான் கலாமிடம் சொன்னார். தாம் பேசவில்லை.

இந்தக் கதை நம் பள்ளி ஆண்டு விழாக்களில் கலாமின் கதையாகச் சொல்லப்படுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கலாமே அதைத் தவானின் கதையாகத்தான் சொன்னார். ஆனால் தலைமைப் பண்பு என்ற தலைப்பில் அதைச் சுருக்கிவிடும்போது ஒன்று விடுபடுகிறது. அன்று அவர் காத்தது ஒரு பொறியாளரின் மனத்தை மட்டும் அன்று. தோல்விக்குப் பின் காரணத்தைத் தோண்டியெடுக்க ஒரு மறுஆய்வு நடந்தாக வேண்டும். பழி யார் தலையில் விழும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். பழியைத் தலைவரே முதலில் எடுத்துக்கொண்டதால் மற்றவர்களுக்குப் பேச வாய் கிடைத்தது. வால்வு எங்கே கசிந்தது என்று சொல்ல முடிந்தது. பதினொரு மாதத்தில் மறுபடி ஏவ முடிந்ததற்கு அதுவும் காரணம் என்பது என் துணிபு. மேற்பரப்பு உராய்வை நேரடியாக அளந்தவர், ஊகத்தை நம்பாதவர், உண்மையான அளவு எந்தச் சூழலில் வெளிவரும் என்று அறிந்திருந்தார்.

1957ல் மாணவர் பெயரில் மட்டும் வந்த கட்டுரையையும் 1980ல் இளையவரிடம் கொடுத்த ஒலிவாங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வாளர் தவானும் நிர்வாகி தவானும் வேறு வேறு ஆட்கள் அல்லர்.

மரியாதைகள்

1981ல் கழக இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு பத்ம விபூஷண். 1984ல் இஸ்ரோ தலைமையை யு. ஆர். ராவிடம் ஒப்படைத்தார், விண்வெளி ஆணையத்தின் உறுப்பினராகத் தொடர்ந்தார். 1999ல் தேசிய ஒருமைப்பாட்டுக்கான இந்திரா காந்தி விருது. 2002 ஜனவரி 3 அன்று பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு கலையரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பத்ம விருது அரசு தருவது. நாடு உன்னைக் கவனித்தது என்று அது சொல்கிறது. என்ன செய்தாய் என்று சொல்ல அதில் இடமில்லை. பெயர் சூட்டல் இன்னும் ஆழமானது. ஒவ்வோர் ஏவுதலிலும் அந்தப் பெயர் உச்சரிக்கப்படுகிறது. எந்தப் பதக்கமும் இதைச் செய்யாது. மையத்தின் அதிகாரபூர்வமான பெயரில் ஸ்ரீஹரிகோட்டாவைக் குறிக்கும் ஷார் என்ற பழைய சுருக்கத்தையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். இடத்தின் பெயரை அழித்துவிட்டு மனிதரின் பெயரை எழுதாமல் இரண்டையும் சேர்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரால் தவானின் ஒரு பாதி மட்டுமே நிலைத்தது. காற்றுச் சுரங்கமும் ராமச்சந்திரனும் சாண எரிவாயுவும் அதற்குள் அடங்கவில்லை. தவிர, அது அவர் மறைந்த பிறகு வந்தது. அந்தப் பெயர் ஒலிப்பதை அவர் காதால் கேட்கவில்லை.

இனி 1988ன் தொகுப்பு. இந்திய அறிவியல் அகாடமி வெளியிட்டது. தவான் 1977 முதல் 1979 வரை அதன் தலைவராக இருந்தவர். நம் மரபில் மணிவிழா மலர் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அதில் வாழ்த்துப் பாக்களும் புகைப்படங்களும் அமைச்சர்களின் செய்திகளும் நிறைந்திருக்கும். அறிஞர்களுக்கான மலர் வேறு வகை. அதில் நண்பர்களும் மாணவர்களும் தங்கள் புதிய ஆய்வைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்தத் தொகுப்பும் அந்த வகைதான்: பாய்ம இயக்கவியல் ஒரு புறம், விண்வெளித் தொழில்நுட்பம் மறுபுறம். தொகுப்பாசிரியர்கள் இருவர். ஒருவர் ரொத்தம் நரசிம்மா. மற்றவர் அப்துல் கலாம்.

1957ன் மாணவர். 1979ன் திட்ட இயக்குநர். ஒருவருக்குத் தவான் ஆய்வின் ஆசிரியர். மற்றவருக்கு நிர்வாகத் தலைவர். தொகுப்பு வந்தபோது நரசிம்மா தேசிய வானூர்தி ஆய்வகத்தின் இயக்குநர். கலாம் இஸ்ரோவை விட்டு ஹைதராபாத்துக்குப் போய் ஏவுகணைத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். இருவரும் தவானின் அதிகாரத்துக்குக் கீழே இல்லை. அவரால் ஆக வேண்டிய காரியம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர் பதவியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதவியில் இருப்பவருக்கு மாலை போடுவது எளிது. நான்கு ஆண்டு கழித்து, தங்கள் தலைக்கு மேல் வேலை இருக்கும்போது, இரண்டு இயக்குநர்கள் உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்துத் திருத்தித் தொகுத்தார்கள். ஒரு மனிதரின் இரு பாதிகளும் ஒரே அட்டைக்குள் வந்தன. அவர் உயிரோடிருந்து அதைக் கையில் வாங்கினார்.

விழா எடுப்பவர்களுக்கு

தவானைப் போன்றவர்கள் அரிது என்பதால் இந்த நிகழ்வு சாதாரணப் பல்கலைக்கழக விழாவுக்குப் பயன்படாது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஆராய்ச்சி நிர்வாகத்தில் இருபது ஆண்டு கழித்த ஒருவர் ராக்கெட் விடவில்லை. ஆனால் நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போகும் பணத்தை மீட்டிருப்பார். நிதியைச் செலவிட்டதைக் காட்டும், முதன்மை ஆய்வாளர் மறந்துபோன பயன்பாட்டுச் சான்றிதழைத் தேடிப்பிடித்து அனுப்பியதால் அடுத்த தவணை வந்திருக்கும். நுண்ணோக்கிக்கான டெண்டரில் தணிக்கை ஆட்சேபம் எழுந்தபோது, இளம் பேராசிரியரைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தாம் பதில் எழுதியிருப்பார். அதுவும் 1979தான், சிறிய அளவில்.

இவையெல்லாம் அலுவலகக் குறிப்பில் வராது. வராது என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே ஒருவர் போய்க் கேட்க வேண்டும்: துறைத் தலைவர்களை அல்ல, ஆய்வு மாணவர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் கணக்குப் பிரிவு எழுத்தர்களையும். ஏதாவது நின்றுபோக இருந்து நிற்காமல் நடந்ததா என்பதே கேள்வி. "இவர் பலருக்கு உதவினார்" என்ற வரியை மடலில் எழுதக் கூடாது. யாருக்கு, எந்த ஆண்டு, எந்தக் கோப்பு என்று எழுத வேண்டும். பெயரைச் சொல்ல விருப்பமில்லாதவர்களின் பெயரை விட்டுவிடலாம். நடந்ததை விடக் கூடாது.

அவருடைய ஆய்வையும் மறந்துவிடக் கூடாது. நிர்வாகத்துக்குப் போன விஞ்ஞானியின் பழைய ஆய்வை விழாக்களில் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். ஏதோ இளமையில் செய்த குறும்பைப் போல. அவருடைய மிகச் சிறந்த கட்டுரை ஒன்றை எடுத்து, அதே துறையைச் சேர்ந்த ஒருவர் பத்து நிமிடம் எல்லோருக்கும் புரியும்படி விளக்கட்டும். பதிவாளரும் காசாளரும் தாங்கள் இத்தனை நாள் யாரோடு வேலை பார்த்தோம் என்று அன்றுதான் அறிவார்கள். மேடையில் பேச இருவர் போதும்: ஆய்வில் அவரிடம் கற்றவர் ஒருவர், நிர்வாகத்தில் அவர் நிழலில் வளர்ந்தவர் ஒருவர். மலர் போடும் வசதியிருந்தால் அதே இருவர் தொகுக்கட்டும். அவசரம் வேண்டாம், நான்கு ஆண்டு கழித்து வந்தாலும் வரட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதை விழாவுக்கு முன் அவரிடமே கேட்க வேண்டும். நிர்வாகத்துக்கு வந்ததால் பாதியில் விட்டது எது? ஒரு மேசையும் நூலக அனுமதியும் கொஞ்சம் ஆய்வக நேரமும் கொடுத்தால் அதை முடிக்க முடியுமா? கேடயம் வாங்கும் பணத்தைவிட இதற்குக் குறைவாகவே செலவாகும்.

பொறுப்புகள் குறைந்த பின் தவான் மறுபடி காற்றிடம் திரும்பினார். இம்முறை இறக்கைகள் உலோகத்தால் ஆனவை அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவைச் சுற்றியுள்ள பழவேற்காடு ஏரியில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்திறங்கும். பறவை எப்படி எழுகிறது, எப்படி மிதக்கிறது, எப்படி இறங்குகிறது என்பதை வானூர்தியியலாளரின் கண்ணோடு ஆராய்ந்து பறவைப் பறத்தல் பற்றி எழுதினார். அது 1991ல் வெளிவந்தபோது எழுபது வயதைக் கடந்திருந்தார்.